ஐந்து மத்தி, ஒரு வாளை

விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் தட்டு இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. மீன் வாங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்த தட்டு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மீன்காரம்மா வந்து பின்வாசல் படியில் கூடையை இறக்கியதும் அதைக் கொண்டுபோய் வைப்பேன். மற்றவர்களைப் போல அவர் அதில் மீனை அள்ளிக் கொட்ட மாட்டார். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. ஐந்து மத்தி, ஒரு வாளை. எங்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு கருவேப்பிலை ஈர்க்கை ஒடித்து மீன்களுக்கு எதிரே குறுக்காக வைப்பார். அதுதான் வலை. மத்தி ஐந்தும் சாதாரண ஆட்டக்காரர்கள். வாளை நீள மீன் அல்லவா, வால் தட்டுக்கு வெளியே தொங்கும். அதுதான் எங்கள் காலனி வாலிபால் டீமின் நெட்டையன். ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டம் புதன்கிழமை என் வீட்டுப் படியில் மறுபடி நடக்கும்.

அந்த டீமுக்கு என் வீட்டுக்காரர்தான் செகரட்டரி. தாம்பரம் கிழக்கே எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி கிரவுண்டு. விசில் சத்தமும் கைதட்டலும் வீட்டுக்குள் கேட்கும். ஆனால் நான் ஒரு நாளும் போனதில்லை. போகக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. "நீ வந்து என்ன பண்ணப் போற?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். எனக்கும் நாலு பேர் நடுவில் நிற்பது என்றால் கை கால் எல்லாம் ஒடுங்கிவிடும். ரேஷன் கடை வரிசையில்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். ஜெயித்தோமா தோற்றோமா என்பது ஞாயிறு மாலை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எப்படி ஜெயித்தோம், எதனால் தோற்றோம் என்பது தெரிய புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டும். மூன்று நாள். அந்த மூன்று நாளும் எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, அதற்குப் பிறகு யாராவது ஒன்றைப் பொறுமையாகப் புரியவைத்தார்கள் என்றால் அது அந்தப் படியில்தான்.

மீன்காரம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கடலோரத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மேடவாக்கம் வழியாக வருவார். ஞாயிற்றுக்கிழமை மீன் விற்றுத் தீர்ந்ததும் திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். அப்படி ஒரு நாள் கிரவுண்டு ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் அலுமினியக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். பிறகு பஸ்ஸை விட்டாலும் விடுவார், ஆட்டத்தை விட மாட்டார். எங்கள் காலனியில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. ஆடுகிற பையன்களில் ஒருவன்கூட அவரிடம் மீன் வாங்கும் வீட்டுப் பையன் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு ஈடுபாடு என்று ஒரு தடவை கேட்டேன்.

"காலைலேர்ந்து அந்தக் கூட என் தல மேல குந்திகினு கீது. ஒரு மணி நேரம் நான் அது மேல குந்துறேன். கண்ணுக்கு நேரா எதுனா ஓடணும் இல்ல? இவனுங்க ஓடுறானுங்க" என்றார்.

அவர் கதை சொல்லும் விதமே தனி. "இந்தா பாரும்மா, சுத்தி சுத்தி வரணும் ஒவ்வொருத்தனும். ஒரே எடத்துல நின்னுகினு இருக்க இது இன்னா பஸ் ஸ்டாண்டா?" என்று சொல்லிக்கொண்டே மீன்களை ஓர் இடம் தள்ளி வைப்பார். பின்வரிசை வலது மூலையிலிருந்த மத்திதான் பந்து போடுகிறவன். அவன் பந்தை வலையிலேயே போட்டான் என்றால் அந்த மத்தியை ஒரு தட்டுத் தட்டுவார். தூக்கிக் கொடுக்கிறவன் சரியாகக் கொடுத்து நெட்டையன் எழும்பி அடித்தான் என்றால் வாளையை வாலைப் பிடித்துத் தூக்கி, கருவேப்பிலைக்கு அந்தப்பக்கம் சொத்தென்று ஓர் அடி. என் முகத்தில் மீன் தண்ணீர் தெறிக்கும். நான் சிரிப்பேன். தோற்ற வாரங்களில் எழுந்து போகும்போது, "இவனுங்கள நல்லா காரமா வெய்யி, அப்பவாச்சும் புத்தி வருதா பாப்போம்" என்பார். தோற்ற டீமைத்தான் அன்று மத்தியானம் குழம்பு வைப்பேன். அதை ராத்திரி என் வீட்டுக்காரர் ருசித்துச் சாப்பிடுவார்.

ஆட்டத்தில் மீன்காரம்மாவுக்குத் தெரியாத பாதி எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில்தான் கமிட்டி கூடும். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து மறுநாள் யார் யார் இறங்குவது என்று முடிவு செய்வார்கள். நான் உள்ளே வடை சுட்டுக்கொண்டிருப்பேன். வடைச் சட்டி சத்தத்துக்கு மேலே எல்லாம் என் காதில் விழும். யார் நன்றாக ஆடுகிறான் என்ற பேச்சு கொஞ்ச நேரம்தான் நடக்கும். யார் வீட்டுப் பையன், யார் பந்தல் போட்டுக் கொடுத்தார், யாரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நிறைய ஓடும். "ஏம்மா அவன உக்கார வெச்சாரு?" என்று மீன்காரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். காரணம் என் தொண்டை வரை வந்து நிற்கும். "தெரியலையே" என்பேன்.

என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆட்டத்தன்று காலையில் கிரவுண்டுக்குத் தண்ணீர் தெளித்து, குனிந்து குனிந்து சுண்ணாம்புக் கோடு போடுவது அவர்தான். ஆபீசில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கே நாலு பேர் "செகரட்டரி சார்" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பிடுதலை அவரால் விட முடியவில்லை. கூப்பிடுகிறவர்கள் கேட்டதை மறுக்கவும் முடியவில்லை.

அந்த வருடம் டீமுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தது மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அவர் மச்சானை நெட்டையன் இடத்தில் இறக்க வேண்டும் என்று சனிக்கிழமை பேசி முடித்தார்கள். மறுநாள் காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்களிடம் தோற்றுப்போனோம். புதன்கிழமை மீன்காரம்மா வழக்கம்போலத் தட்டில் அடுக்கினார். வாளையை மட்டும் தட்டில் வைக்கவில்லை. வெளியே எடுத்து வெறும் படியில் போட்டார். அது படிச் சூட்டில் கிடந்தது.

"பாரு, இப்பிடித்தான் உக்கார வெச்சாரு உன் வூட்டுக்காரரு. மூணு செட்டும் அந்தப் புள்ள துண்டப் போத்திகினு பாத்துகினே இருந்துச்சு. ஏம்மா? கால் ஒடிஞ்சி போச்சா அதுக்கு?"

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. யாரோ ஒரு பையனுக்காக. அதைப் பார்த்து என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பனியன் விஷயத்தைச் சொன்னேன். மச்சான் விஷயத்தைச் சொன்னேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு பம்மல் டீமோடு ஆட்டம். மறுபடி மச்சான்தான் இறங்கினான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கிரவுண்டு முழுக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு விசில். பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்பதை அன்று மாலை என் வீட்டுக்காரர்தான் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல். இரண்டாவது செட்டில் மீன்காரம்மா கூடையிலிருந்து எழுந்து நின்று கத்தியிருக்கிறார்: "யோவ் செகரட்டரி! பனியன் குடுத்தான்னு மச்சான எறக்குனியே, நாளைக்கு வலை வாங்கிக் குடுத்தா மாமியாரையும் எறக்குவியா?" பம்மல் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கடைக்காரர் எழுந்து போய்விட்டாராம்.

"நாலு பேர் உள்ள பேசினது. எப்படிடி வெளிய போச்சு?" என்று கேட்டார். கேட்டாரே தவிர என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். என் மேல் சந்தேகம் வரவே இல்லை. இவளுக்கு வாய் கிடையாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு சொன்னார். "புதன்கிழமை வருவா இல்ல, நீயே சொல்லிடு. இனிமே கிரவுண்டு பக்கம் தலை காட்டக் கூடாது. மீன் நாத்தம் தாங்க முடியலன்னு எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்றாங்கன்னு சொல்லு."

நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை மீன்காரம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் சின்ன வயதிலிருந்து சொன்னதைச் செய்தே பழகியவள் நான். தட்டை வைத்தேன். அவர் முதல் மீனை எடுத்து வைக்கும் முன்பே, தலையைக் குனிந்துகொண்டு, என் வீட்டுக்காரர் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். நாற்றம் என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான்.

 மீன்காரம்மா இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். வேடிக்கைக்குச் செய்யவில்லை. நிஜமாகவே பார்த்தார்.

"ஆமாம்மா, நாறத்தான் நாறுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் பேர நான் சொல்லல. பயப்படாத. யாரு சொன்னான்னு உன் வூட்டுக்காரரு கேட்டாரு. மீனு சொல்லிச்சுன்னேன்" என்றார்.

அன்று அவர் மீனை அடுக்கவில்லை. அள்ளித் தட்டில் கொட்டினார். தலையும் வாலும் மாறிக் குவியலாகக் கிடந்தது.

அதற்குப் பிறகும் சில மாதம் வந்தார். நான் தட்டை வைப்பேன். அவருக்குச் சொல்ல ஆட்டம் எதுவும் இல்லை. "மத்தி போடவா?" என்பார். "போடுங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒரு புதன்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த இன்னொரு அம்மாவைக் கேட்டேன். "அது இப்ப வேற லைனுக்குப் போவுதும்மா" என்றார். எந்த லைன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போய்ப் பார்த்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். போயிருக்க மாட்டேன்.

நெட்டையன் அந்த வருடமே பம்மல் டீமுக்குப் போய்விட்டான். எங்கள் டீம் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. வருடா வருடம் புதுப் பனியன் வந்தது, கோப்பை வரவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி ஆனது. தோற்றோம் என்று தெரியும், எப்படி என்று சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் கடைசி வரை செகரட்டரியாகவே இருந்தார். போன வருடம் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். சொன்னது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பன்னிரண்டாவது நாள் அவர் இல்லை.

இந்த வருடம் அவர் பெயரில் ஒரு கோப்பை வைத்து ஆட்டம் நடத்தினார்கள். வீட்டுக்கு வந்து என்னைக் கையோடு அழைத்துப் போனார்கள். முதல் வரிசையில் துணி போர்த்திய நாற்காலி. பொன்னாடை போட்டார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கிரவுண்டைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதனடியில் பைக்குகளை நிறுத்தியிருந்தார்கள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் எங்கள் டீம் ஆறு பேரும் வந்து நின்றார்கள். முன்னால் மூன்று, பின்னால் மூன்று.  கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது, முன்வரிசையில் ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் பந்தை வலையில் அடித்தான். ஓரத்தில் பெஞ்சில் நெட்டையாக ஒருவன் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். என் பக்கத்தில் இப்போதைய செகரட்டரி. ஒரு காலத்தில் எங்கள் டீமில் ஆடியவர்தான், அந்த ஐந்து மத்தியில் ஒன்று. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"அந்த நெட்டைப் பையனை ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, உங்களுக்கு கேம் எல்லாம் தெரியுமாம்மா? இந்தக் கோப்பைய ஸ்பான்சர் பண்ணவரோட அக்கா பையன் ஆடறான். அதெல்லாம் உள்ள பேசி முடிவு பண்றதும்மா. சார் காலத்துலேர்ந்து அப்படித்தானே."

நான் மரத்தடியைப் பார்த்தேன். அங்கிருந்து யாரும் எழுந்து நின்று கத்தவில்லை. கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டினார்கள். "நல்லா ஆடினீங்க" என்றேன். தோற்றிருந்தோம்.

மறுநாள் மருமகள் போனில் ஆர்டர் செய்திருந்த மீன் வந்தது. மூடிபோட்ட டப்பா, தலை இல்லை, வால் இல்லை, எல்லாம் ஒரே அளவுத் துண்டு. அவள் அந்தப்பக்கம் போனதும் நசுங்கிய தட்டை எடுத்தேன். ஒரு கருவேப்பிலை ஈர்க்கைக் குறுக்காக வைத்து, ஆறு துண்டுகளை முன்னால் மூன்று, பின்னால் மூன்றாக அடுக்கினேன். எது மத்தி, எது வாளை என்று சொல்ல முடியவில்லை. சும்மா சுற்றி ஓர் இடம் தள்ளி வைத்துப் பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். நாற்றமே இல்லை.