ரோஸ் கலர் தண்ணீர் போன வழி

நாங்கள் அந்த வீட்டை வாங்கியதே கக்கூசுக்காகத்தான். சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்கள் கிழக்குப் பார்த்த வாசலா, தண்ணீர் வசதி உண்டா, பஸ் ஸ்டாண்டு பக்கமா என்று பார்த்து வாங்குவார்கள். சிங்காநல்லூரில் தரகர் காட்டிய ஒவ்வொரு வீட்டிலும் நான் நேராகப் பின்பக்கம் போய்க் கக்கூஸ் கதவைத்தான் திறந்து பார்த்தேன். தரகர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது. இந்த வீட்டில் கதவைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு வெஸ்டர்ன் கோப்பை உட்கார்ந்திருந்தது. "இந்த ஊடே இருக்கட்டுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். என் கணவர் அதுவரை சமையலறையைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

எல்லாம் அம்மாவுக்காக. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், பல்லடம் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இனிமேல் கீழே குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக் கக்கூசோ கோழிப்பண்ணையைத் தாண்டித் தோட்டத்துக் கடைசியில் இருந்தது. அண்ணி பாவம், முகம் சுளிக்காமல் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அம்மாவுக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். அதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் மகன் இருக்கும்போது தாய் மகள் வீட்டுக்கு விருந்தாளியாக வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் பலகாரம் தின்னலாம். ஆனால் குடியிருக்க வரக்கூடாது. வந்தால் மகனுக்குத் தலைகுனிவு. அதனால் அம்மா "கால் தேறுற வரைக்குந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெருவில் யார் நலம் விசாரித்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். எனக்கோ அம்மா கடைசிவரை என்னோடுதான் இருக்க வேண்டும் என்று ஆசை. அப்பா போன பிறகு எனக்கு அது வெறியாகவே ஆகிவிட்டது. அவர் கிளம்ப ஒரு சாக்குக் கிடைக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டேன்.

அந்தச் சாக்கு கோப்பையிலிருந்தே எழும்பி வந்தது. குடிவந்து கொஞ்ச காலத்திலேயே, தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் நின்று யோசிக்க ஆரம்பித்தது. பிறகு களக் களக்கென்று ஒரு சத்தம். அப்புறம் விளிம்பு வரைக்கும் ஏறி, மெல்ல மெல்ல இறங்கியது. வாடை வந்தது. நான் தினமும் சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க ஊட்டுல என்ன பக்திங்க அம்மணி, தெனமும் சாம்பிராணி மணக்குது" என்றார். நான் பெரிய பக்தைபோலச் சிரித்து வைத்தேன். அவர்கள் வீட்டிலிருந்தும் அதே நேரத்துக்கு ஊதுபத்தி வாசம் வந்துகொண்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சோறும் பாதியானது. நான் கத்தினேன். "நீங்க பட்டினி கெடந்தா செப்டிக் டேங்க் காலியாயிருமா?" அம்மா கத்தலுக்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு கண்ணு. ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். போனில் அண்ணன் காருக்கு ஏற்பாடு செய்துகொண்டு வருவதாகச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு குழி நிறைந்ததற்காக என் அம்மாவை அனுப்புவதா?

கழிவு உறிஞ்சுகிற லாரியை வரச் சொன்னோம். டிரைவர் இறங்கி, பெரிய குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"டேங்க் மூடி எங்கீங்க?"

அது எங்களுக்கும் தெரியாது. வீட்டை விற்றவருக்குப் போன் செய்தால், "கொல்லைப் பக்கந்தானுங்க, எங்கியும் போயிருக்காதுங்க" என்றார். அவர்களும் கட்டிய வீட்டை வாங்கியவர்கள்தானாம். இருந்த வரைக்கும் டேங்கைத் திறக்கிற வேலையே வரவில்லையாம். "மூடியைக் கண்டுபுடிச்சுப்போட்டுக் கூப்புடுங்க, ஓடியாரேன்" என்று சொல்லிவிட்டு லாரியும் போய்விட்டது.

எனக்கு ஒரு குணம். ஒரு பொருள் கண்ணுக்கு முன்னால் மறைந்தால், அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். கவலையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு இந்த விஷயம் பிடித்துப்போய்விட்டது. தினமும் நாம் ஊற்றுகிற தண்ணீர் தரைக்கடியில் எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே போய் நிற்கிறது? இத்தனை வயதில் ஒருநாளாவது நான் அதை யோசித்திருக்கிறேனா? நானும் கணவரும் கடப்பாரையால் கொல்லையை அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். சத்தம் மாறிய இடத்தையெல்லாம் தோண்டினோம். ஒரு பழைய ஆட்டுக்கல், துருப்பிடித்த சைக்கிள் செயின், பழைய அஸ்திவாரக் கல் கிடைத்தன. டேங்க் கிடைக்கவில்லை. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தக் கொய்யா மரத்தடியில தட்டிப் பாருங்க மாப்பிள்ளை" என்று மேற்பார்வை பார்த்தார். ஊருக்குப் போகிறேன் என்றவர், தோண்ட ஆரம்பித்ததும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த ஆவல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தண்ணி எங்கியோ போயித்தானே ஆகோணும்" என்றார் அம்மா. "அதும் பொறகாலயே போயிப் பாக்க முடியாதா?"

என் கணவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. மறுநாள் வேலை முடிந்து வரும்போது காகிதத்தில் மடித்துச் சாயப்பொடி கொண்டுவந்தார். நீலம் சாக்கடைக் கறுப்பில் தெரியாது, பச்சை பாசி என்று ஏமாற்றிவிடும், ரோஸ்தான் சரி என்று பட்டறையில் யோசித்தே எடுத்திருக்கிறார். பக்கெட்டில் கரைத்ததும் கண் கூசுகிற ரோஸ். கோப்பையில் ஊற்றி, அடுத்தடுத்துத் தண்ணீர் விட்டோம். இனி எங்காவது ஒரு ஓட்டையில் ரோஸ் கசியும், அதைப் பிடித்துக்கொண்டே டேங்குக்குப் போய்விடலாம் என்பது திட்டம். தெருச் சாக்கடையைப் பார்த்தோம். கொல்லை ஓரத்தைப் பார்த்தோம். எங்கும் ஒரு சொட்டு இல்லை. கலர் மாஸ்டருக்கு அவமானமாகிவிட்டது.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். அவர் கணவர் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வெளியே போகிற சேலை கட்டியிருந்தார், முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஊட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"என்னாச்சுங்க்கா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "அவருக்கு ரத்தமாப் போகுதுங்க. காலைல கக்கூசுக்குப் போயிட்டு வெளிய வந்தவரு, செவுத்தப் புடிச்சுட்டு நின்னுபோட்டாரு. நானும் போயிப் பாத்தேன். கோப்பையெல்லாம் செவசெவன்னு கெடக்குதுங்க. முன்னால ஒருக்கா கல்லடைப்பு வந்த உடம்பு பாருங்க..." தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குப் பின்னால் பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் வாசல் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அம்மாவின் சத்தம் வந்தது. "அம்மணி, அது ரத்தமில்ல, எங்க மாப்பிள்ளையோட சாயம்! அவரைப் போயி ஒரு டம்ளர் காப்பி குடிக்கச் சொல்லு!"

விஷயத்தை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு என் கணவரை ஒரு பிடி பிடித்தார். "ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஊத்தியிருக்கக் கூடாதுங்களா? அவரு ராத்திரி பீட்ரூட்கூடச் சாப்படலையேன்னு நான் கெடந்து கொழம்பறேன்!" திட்டும்போதும் ஒரு 'ங்க' குறையவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர்கள் வீட்டிலும் பல நாளாகத் தண்ணீர் இறங்கவில்லையாம். வாடை அவர்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று அவர்கள் பயந்துகொண்டிருந்தார்களாம். "புதுசாக் குடி வந்திருக்கறீங்க, எங்களால உங்களுக்கு நாத்தமான்னு எப்படிங்க சொல்றது? அதான் ஊதுபத்தி கொளுத்தி வெச்சோம்." ஊரிலிருந்து வர இருந்த மகளைக்கூட அப்புறம் வரச் சொல்லிவிட்டார்களாம். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் சாம்பிராணி, அந்தப் பக்கம் அவர் ஊதுபத்தி. யாராவது ஒருவர் கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அம்மா அதற்குள் வாசலுக்கு வந்து இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு ஊட்டுச் சன்னலுக்கும் ஒரே கம்பி, ஒரே பூவு. இது ஒரே ஊடாத்தான் இருந்திருக்கோணும்." அக்காவும் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். யாரோ அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் மதில் வைத்ததாக வாங்கும்போது சொன்னார்களாம். மேலே உள்ளதையெல்லாம் பிரித்துக்கொண்டவர்கள் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் தரை உயரம், அவர்கள் தரை பள்ளம். நிறைந்து போன ஒரே டேங்கில் நாங்கள் ஊற்றியது அவர்கள் கோப்பையில் ஏறியிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்த ஃபோர்மேன் புது உயிர் வந்தவராகக் கடப்பாரையோடு கிளம்பினார். மதிலை ஒட்டி அவர்கள் பக்கம் இருந்த துணி துவைக்கிற கல்லுக்கடியில் தட்டினால் தொம்மென்றது. கல்லை நகர்த்தினால் சிமெண்ட் பலகை, அதில் இரும்பு வளையம். அதைக் கண்டதும் மதிலின் இருபுறமும் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். கக்கூஸ் குழியைக் கண்டு அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் கோயமுத்தூரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை லாரி வந்தது. "ரெண்டு ஊட்டுச் சரக்கு, பல வருசத்துதுங்க" என்று டிரைவர் மரியாதையாகவே சொன்னார். அன்று சாயங்காலம் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் கடகடவென்று இறங்குவதை அம்மாவும் நானும் நின்று வேடிக்கை பார்த்தோம்.

மறுநாள் அண்ணன் காரோடு வந்தார்.

"ஏம்மா, வெயிலுக்கு முந்திக் கெளம்பிரலாமா?"

"கக்கூசு சரியாயிருச்சு சாமி" என்றார் அம்மா.

"நல்லதும்மா. காலுந்தான் தேறிருச்சே. வாங்க போலாம். ஊருல கேக்கறாங்கம்மா, மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஆத்தா மக ஊட்டுல கெடக்கறாளேன்னு." அண்ணன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. நான் சண்டை போட எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது சாக்கு யாருக்கும் இல்லை. அம்மா போவதென்றால் போகலாம், இருப்பதென்றால் இருக்கலாம், அவ்வளவுதான்.

அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கறவங்க கேக்கட்டும் சாமி. ஊரா வந்து என்னைய எந்திரிக்க வெக்கப்போகுது? உன்ற மேல கொறையில்ல, உன்ற பொண்டாட்டி மேலயும் கொறையில்ல. எனக்கு இங்க இருக்கோணும்னு இருக்குது." அம்மா தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. "அடுத்த தடவை வாரப்ப என்ற கட்டிலையும் பொட்டியையும் வேன்ல போட்டுக் கொண்டாந்துரு."

கட்டிலும் பெட்டியும் வந்தால் அது விருந்து இல்லை. அண்ணனுக்கும் அது தெரியும். அவர் எழுந்து அம்மாவின் அறைக்குள் போய், நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கட்டில் நீளமாச்சே கண்ணு. எந்தப் பக்கம் போடறது?" என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நான் ஜன்னல் பக்கம் கையை மட்டும் காட்டினேன்.