வீட்டுக்கு ஒரு மூக்கு

ஏரிக்கரைச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே ஹெல்வியின் பாதி ஆயுள் போனது. வண்டிக் கதவின் இடுக்கு வழியாக வந்து பிடரியில் குத்தும் காற்றைத் தவிர அவளுக்கு உலகில் எதிரி கிடையாது. ஓய்வு பெற்றதும், காற்று புகாத சிறு வீடு ஒன்றைக் கட்ட ஆரம்பித்தாள். மரச்சட்டம், சுவருக்குள் பழைய செய்தித்தாள்களை அரைத்துச் செய்த பஞ்சு.

"தேர்தல் பேச்செல்லாம் இப்பதான் ஒருத்தருக்குச் சூடு குடுக்கப்போவுது" என்றாள், பஞ்சைச் சுவருக்குள் திணிக்க வந்த ஊராரிடம்.

ஊர் வழக்கப்படி அவர்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள், சால்மன் சூப் குடித்தார்கள், குறை சொன்னார்கள். அதிகம் சொன்னவன் பக்கத்து வீட்டு ஆர்வோ.

"வீடுன்னா மூச்சு விடணும் ஹெல்வி. இது மீன் ஊறுகாய் ஜாடி."

"மூச்சு விடத்தான் மெஷின் இருக்கு. வெளிக்காத்தைச் சூடாக்கி உள்ள விடும்."

"கரண்ட் போனா?"

"ஜன்னலைத் திறப்பேன். கை இருக்கே."

நியாயமான பதில்தான். நியாயமான பதிலால் யாருடைய மனமும் மாறியதாகத் தெரியவில்லை.

நவம்பரில், வீட்டில் காற்று கசிகிறதா என்று சோதனை செய்ய மின்னா என்பவள் வந்தாள். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுத்தாள். ஓட்டை இருந்தால் அதன் வழியே குளிர் உள்ளே பாயும். கசிவு அளவு மீறினால் சுவர்ப் பலகைகளைக் கழற்ற வேண்டும். அப்படியானால் ஹெல்விக்கு இந்தக் குளிர்காலமும், வீடு முடியும்வரை அவள் தங்கியிருக்கும் முற்றத்துக் கேரவன் வண்டியில்தான். அதில் தொப்பிக்கு மேல் தொப்பி போட்டுத்தான் தூங்க முடியும்.

அளவு மீறியது. வேடிக்கை பார்க்க வந்த ஆர்வோ கூரையை ரசித்துக்கொண்டிருந்தான்.

ஹெல்வி சுவர் சுவராகப் பிடரியைக் காட்டிக்கொண்டு நடந்தாள். அலமாரிக்குப் பின்னால் சிலிர்த்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாய், வெகு நேர்த்தியாகச் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது.

"ஆர்வோ."

"நல்லதுக்குத்தான் வெச்சேன். நீ தூக்கத்துல மூச்சு முட்டிப் போயிட்டா, நான் யாரோட சண்டை போடறது?"

அந்த ஊரில் இதைவிடக் கனிவாக யாரும் பேசி அவள் கேட்டதில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

"இப்போதைக்கு டேப் ஒட்டினா போதுங்க. அப்புறம் ஒழுங்கா அடைச்சுக்கலாம்" என்றாள் மின்னா.

"டேப் தீர்ந்துபோச்சு" என்றாள் ஹெல்வி, கோட்டுப் பைக்குள் டேப்பை இறுகப் பிடித்தபடி. "ஆர்வோ, கட்டைவிரலை வை."

வைத்தான். விசிறி சுழன்றது. கசிவைக் காட்டும் எண் இறங்கியது. "தேறிடுச்சு" என்று மெல்லச் சொன்ன மின்னா, விசிறியைக் கழற்றி, காபி குடித்து, ஏலக்காய் ரொட்டி தின்று, கிளம்பிப் போனாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஆர்வோ கேட்டான்: "வண்டிச் சத்தம் கேட்டுதே. முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"விரல் மரத்துப்போச்சு ஹெல்வி. வெளிக்குளிர் அப்படியே ஏறுது."

"ஏறும். ஓட்டைன்னா அப்படித்தான்."

அவள் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டாள். பிறகு, புழுக்கமாக இருக்கிறதே என்று, கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.