மயில்களுக்கு மரியாதையாக

கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். குரலும் அதோடு போயிற்று. கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபங்களில் இருபது வருடம் மைக் பிடித்தவள் நான். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பேன், பந்தி தயார் என்பேன், தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்வேன். கட்டுப் பிரித்த அன்று வாயைத் திறந்தால், தகரத்தைத் தார்ச்சாலையில் தரதரவென்று இழுக்கிற சத்தம். அது நான்தான். மண்டபக்காரர்கள் ஒவ்வொருவராக "அப்பறம் கூப்படறமுங்க" என்றார்கள். எத்தனை பணிவாக மறந்தார்கள்!

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினேன். மூன்றாம் நாள் காலை, தெருவில் போன பால்காரரை "ஏனுங்க, அரை லிட்டருங்க" என்று கூப்பிட்டேன். பக்கத்துத் தக்காளிக் காட்டிலிருந்து ஏழு மயில்கள் ஒருசேர எழுந்து பறந்தன. பால்காரரும் நிற்கவில்லை.

நின்றது தக்காளி போட்டிருந்த காட்டுக்காரம்மா மட்டும்தான். வேலியோரம் வந்து என் வாயையே பார்த்தார்.

"அம்மணி, இன்னொருக்கா பேசுங்க."

"என்னத்தைங்கக்கா பேசறது?"

"போதுங்க, போதுங்க. புளியமரத்துல இருந்ததும் போயிருச்சு."

மயில் விரட்ட, பேச்சைப் பதிந்து ஓடவிடும் ஒலிபெருக்கி ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதில் பேசித் தந்தவர்கள் எல்லோரும் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தார்கள். "முருகனோட வாகனமுங்க. திட்டுனா பாவம் புடிக்காதுங்களா? வெரட்டோணும், ஆனா மரியாதையா வெரட்டோணும்."

வரப்பில் நின்று பதிந்துகொடுத்தேன். "தோகையோடு வந்திருக்கும் பெரியோர்களே, வருகைக்கு நன்றி. பந்தி முடிந்துவிட்டது. தயவுகூர்ந்து மலைப்பக்கம் எழுந்தருளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மூன்று நாள் காட்டில் ஓர் இறகு இல்லை. நான்காம் நாள் காலை போனால், ஒலிபெருக்கியைச் சுற்றி ஒன்பது மயில்கள். ஒன்று அதன் மேலேயே ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் குரலுக்குக் கிடைத்த ஒரே பிழைப்பும் போயிற்று.

"பழகிப்போச்சுங்கக்கா. வேற ஆளப் பாத்துக்குங்க."

"நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொன்னா எங்கூட்டுக்காரரே கேக்கமாட்டாரு, மயிலு கேக்குமாக்கும்? புதுசா எழுதிக் கொண்டாங்க அம்மணி."

எழுதினேன். அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். காற்றைப் பற்றி, மலை மேல் வந்து உட்காரும் மேகத்தைப் பற்றி, தனியாக இருப்பதன் சௌகரியங்களைப் பற்றி. இருபது வருடம் ஒரே வரவேற்பைச் சொன்ன வாய் இது. இப்போது ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் பயிர் போய்விடும். இன்று பதினோரு காடுகளில் பேசுகிறேன், மூன்று நாளுக்கு ஒரு புதுப் பேச்சு. அவரைக்காய் போட்டவருக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும், சோளக்காட்டுக்காரருக்கு உருக்கம். யானைக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அது நேரில் வந்து பதில் சொல்லும்.

போன மாதம் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஓர் ஊசி போட்டால் பழைய குரல் பெரும்பாலும் வந்துவிடும் என்றார். அழுதேன். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து காட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"ரொம்ப நல்ல சேதிங்க" என்றார், எழவு வீட்டு முகத்தோடு. "எப்பங்க ஊசி?"

"வேண்டாம்னுபோட்டு வந்துட்டனுங்க."

"ஏனுங்க அம்மணி?"

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எழுதலீங்கக்கா."