முதல் படத்தில் இருந்த கவுன்

சிட்லபாக்கம் ஏரிக்கு அடுத்த தெருவில், மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள் ஹேமாவதி. ஜாக்கெட் தைப்பவள். அளவு எடுக்கும்போது வாயையே திறக்காத இந்த அம்மாள், அந்தத் தேவதைக் கதை இளவரசியைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், லேசில் விட மாட்டாள். மணி பன்னிரண்டு அடித்தால் கந்தலாகிப்போகுமே, அந்த கவுனின் சொந்தக்காரி!

கணவன் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. தம்பி லோகநாதனின் மகள் ஓவியா மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். அந்தக் கதையை யார் யார் எப்போது படமாக எடுத்தார்களோ, அத்தனையையும் இருவரும் செல்போனில் பார்த்துத் தீர்த்தார்கள். கதை யாருக்கு வேண்டும்? கவுன்தான் வேண்டும். பழைய கார்ட்டூனில் வெள்ளி மினுங்கும் வெள்ளை. பொம்மைக் கடைக்கு வந்ததும் அதுவே நீலமாகிவிட்டது. ஆட்கள் நடித்த படங்களில் ஒன்றில் பொன்னிறம், இன்னொன்றில் கழுத்தைச் சுற்றிப் பட்டாம்பூச்சி.

"ஃபர்ஸ்ட் வந்ததுதான் ஒரிஜினல் அத்தை. ப்ளூ எல்லாம் டூப்பு," என்பாள் ஓவியா.

ஓவியா வயதுக்கு வந்தாள். சேலையூரில் மண்டபம் பிடித்தார்கள். காலையில் பட்டுப்புடவை, சாயங்காலம் போட்டோவுக்கு கவுன். இப்போதெல்லாம் அதுதானே வழக்கம்! நலங்கு வைக்க அத்தை வேண்டும்தான். ஆனால் தாலியறுத்த அத்தையை யார் மேடைக்குக் கூப்பிடுவார்கள்? வாய்விட்டுக் கேட்டு அசிங்கப்பட ஹேமாவதி தயாராக இல்லை. தான் தைத்ததாவது பிள்ளையின் உடம்பில் மேடை ஏறட்டும் என்று நினைத்தாள். அந்த ஒரே ஆசையில் இருபது நாள் உட்கார்ந்து, முதல் படத்தில் இருந்தபடியே தைத்து முடித்தாள்.

எந்தப் படத்தில் எந்த நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அந்தப் புத்திசாலிக்கு ஒன்று மட்டும் உறைக்கவே இல்லை. கவுனைப் பெட்டியில் வைத்துத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள். தம்பி மனைவி தீபலட்சுமி பெட்டியைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

"அண்ணி... வெள்ளையா?"

"சில்வர்மா. ஃபர்ஸ்ட் படத்துல..."

"நல்ல காரியத்துக்கு வெள்ளை. அதுவும் உங்க கையால. எங்க வீட்டு ஆளுங்க என்ன பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க."

லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹேமாவதி பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். தீபலட்சுமிமேல் கோபம் வரவில்லை. இது தெரியாமல் போயிற்றே என்று தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விழாவில் ஓவியா வாடகை கவுனில் நின்றாள், நீலம். ஹேமாவதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குடும்பம் குடும்பமாக மேடை ஏறி இறங்கினார்கள். திடீரென்று ஓவியா மைக்கைப் பிடுங்கினாள்.

"எங்க அத்தை வந்தாதான் அடுத்த போட்டோ. அத்தை, வாங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. லோகநாதன் இறங்கி ஓடி வந்தான். "வாக்கா. எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்." மேடையிலிருந்து தீபலட்சுமிகூட வரச் சொல்லித் தலையாட்டினாள்.

பதினோரு வருஷமாக ஏங்கிக் கிடந்த வார்த்தை. ஹேமாவதி எழுந்து நான்கு அடி நடந்தாள். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அவள் மனசேதான் கேட்டது.

"நீ எடுத்துக்கோடா கண்ணு. அத்தைக்குக் கால் வலிக்குது," என்று சிரித்தாள். சிரித்தபடியே பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டாள்.

ஓவியா மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அடுத்த குடும்பம் மேடை ஏறியது.