செய்தி நோட்டில் நான் திருப்பாத பக்கம்

மூன்றாம் வகுப்பின் கரும்பலகையில் இடது ஓரமாக ஒரு கோடு இருந்தது. சாக்பீஸால் போட்டதல்ல, வெள்ளை பெயின்டால் மேலிருந்து கீழாக இழுத்தது. கோட்டுக்கு வலப்பக்கம் கணக்கும் பாடமும் எழுதி எழுதி அழிபடும். இடப்பக்கம் மட்டும் மாலை வரை அப்படியே இருக்கும். அதன் தலையில் 'நம் வகுப்புச் செய்திகள்' என்று டீச்சரின் உருண்டையான கையெழுத்து. கீழே அன்றைய நிருபர் எழுதிய இரண்டு மூன்று வரிகள். மகளை முதன்முதலாக அந்த வகுப்பில் விடப் போன நாளில் அங்கே எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'ஜன்னலில் ஒரு ஓணான் இருந்தது. அது இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. டீச்சர் இன்று புதுச் செருப்பு போட்டிருக்கிறார். கடிக்கிறதாம்.'

இது படிப்பா என்று அன்று எனக்குத் தோன்றியது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இரவு ஷிஃப்ட். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் என்பதால்தான் மகளை அந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். பிறந்து முப்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்த முப்பது நாளில் யாராவது வாய் தவறி ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பயந்திருக்கிறேன். அந்தப் பயம் அவள் வளர்ந்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

டீச்சர் கெலமங்கலம் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், காய்கறிக்காரம்மாவிடம் தெலுங்கு. வகுப்பிலும் அப்படித்தான் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செய்தி நோட்டு. தினமும் மதிய உணவுக்குப் பிறகு அன்று வகுப்பில் கண்டதை, கேட்டதை அதில் எழுத வேண்டும். எந்தச் சொல் முதலில் நாக்கில் வருகிறதோ அதையே தமிழ் எழுத்தில் எழுதலாம் என்பது டீச்சர் வைத்த சட்டம். அதனால் ஒரு பையன், 'மா நான்னா ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி எடுத்துப் போனார்' என்று எழுதுவான். எங்கள் அப்பா என்பதைத் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள். டீச்சர் அதற்கும் ஒரு சிவப்பு டிக் போடுவார். பெற்றோர் கூட்டத்தில் நான் இதைப் பற்றிக் கேட்டேன்.

"இப்படிக் கலந்து எழுதுனா தமிழ் எப்படி டீச்சர் வரும்?"

"வரும்ங்க. முதல்ல சொல்ல வரட்டும். சொல்லவே பயப்படற புள்ளைக்கு எந்தப் பாசையும் வராதுங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு நியூஸ் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்ல. எனக்கே பாடம் நடத்த நேரம் குடுக்கறதில்ல" என்றார்.

உண்மைதான். அந்த வருடம் மகள் வாய் மூடவே இல்லை. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், யாருக்குப் பல் விழுந்தது, யார் பென்சிலை யார் கடித்தது, சத்துணவு முட்டை யாருடையது சின்னது என்று எல்லாம் சொல்லிவிடுவாள். நான் பாதி கேட்பேன். பாதிக்கு 'ம்' போடுவேன்.

திங்கள்கிழமை மாலை செய்தி நோட்டு வீட்டுக்கு வரும். பெற்றோர் படித்துக் கையெழுத்திட்டு மறுநாள் அனுப்ப வேண்டும். செவ்வாய் காலையில், ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அடுப்பங்கரை மேடையில் வைத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். முந்தைய பக்கங்களைத் திருப்பியதில்லை. கம்பெனியில் ஒரு பீஸைக் கையில் எடுத்தால் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நான் பாஸ் செய்ததும் இல்லை, ரிஜெக்ட் செய்ததும் இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். மேலேயே மூன்று வரிகள் இருந்தன. 'டீச்சர் என்னைப் பார்த்து சாகு சாகு என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.' கீழே சிவப்பு டிக்.

முதல் இரண்டு வரிகளைவிட மூன்றாவது வரிதான் என்னை உலுக்கியது. தன்னைச் சாகச் சொன்னதற்குத் தானே சேர்ந்து சிரிக்கும்படி என் பிள்ளையைப் பழக்கி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அதைத் திருத்தி டிக் வேறு போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், யாரும் யாரையும் 'சாகு' என்று திட்டுவதில்லை. 'சாவு' என்பார்கள், 'செத்துப்போ' என்பார்கள். பிள்ளை எழுத்துப் பிழையாக எழுதிவிட்டாள் என்று அந்த இடைவெளியை நானே நிரப்பிக்கொண்டேன்.

மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம். தூங்கட்டும் என்று விட்டேன். கணவர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கன்னடக்காரர்களோடு வேலை செய்கிறவர் அவர். பார்த்த கணத்தில் சொல்லியிருப்பார். நான் காத்திருக்கவில்லை. பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். பக்கத்து வீட்டம்மாவை மகளுக்குத் துணை வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்து வகுப்புப் பெற்றோர் குரூப்பில் அதைப் போட்டேன். அடியில் எழுதினேன்: 'மூன்றாம் வகுப்புக் குழந்தையைப் பார்த்து செத்துப்போ என்று சொல்லும் ஆசிரியை நமக்குத் தேவையா?' நோட்டில் இல்லாத சொல் அது. நான் சேர்த்தது. கம்பெனி கேட்டில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

எட்டரை மணி நேரம் கழித்துப் போனை எடுத்தபோது அது சூடாக இருந்தது. முதல் பதில் நான் அனுப்பிய சில நிமிடங்களிலேயே வந்திருக்கிறது. வகுப்பில் படிக்கும் இன்னொரு பெண்ணின் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர், குரலில் பேசி அனுப்பியிருந்தார். "மேடம், அது கன்னடங்க. சாகுன்னா போதும்னு அர்த்தம். எங்க ஊட்டுல சோறு போடறப்போ தினம் சொல்றது மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. சித்த அந்த மெசேஜ எடுத்துடுங்க மேடம்." அவரே ஒன்பது மணி வரை மூன்று முறை கெஞ்சியிருந்தார். நான் உள்ளே கேஜ் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

சந்தையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் அந்தச் சொல்லைப் பதினோரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். பை நிறைந்ததும் நானே 'சாகு சாகு' என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் எழுதிப் பார்த்ததில்லை. கன்னடத்தில் அழுத்தமாக ஒலிப்பதைத் தமிழில் எழுதினால் ஒரே 'கு'தான். காதுக்குத் தெரிந்த சொல்லைக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்குள் என் மெசேஜ் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 'இப்ப வேற மொழின்னு சாக்குச் சொல்றாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்து மணிக்குப் பள்ளி கேட்டில் கூட்டம். பாதிப் பேருக்கு அங்கே பிள்ளைகளே இல்லையாம். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே உள்ளே போயிருக்கிறார்கள். "புள்ளைய சாகச் சொல்ல நீ யாருடீ? நீ சாவுடீ" என்று ஒரு பெண் பிள்ளைகளின் எதிரிலேயே கத்தியிருக்கிறாள். டீச்சர் கையில் சாக்பீஸோடு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். என் மகள் எழுந்து, "தண்ணி, தண்ணி ஊத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தாகம் என்று நினைத்து யாரோ ஒரு அம்மா அவள் கையில் பாட்டிலைத் திறந்து கொடுத்தாராம். இதையெல்லாம் ஆட்டோக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியையின் அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் மகளின் நோட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் நோட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அதன் கடைசி வரிகள்: 'இன்று தக்காளி நாற்றுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். டப்பா நிறைந்து டீச்சர் காலில் கொட்டியது.'

"நானும் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க" என்றார். "இந்த எடத்துல பக்கத்துலயே போதும்னு ஒரு வார்த்தை எழுதி உட்டிருக்கணும். சிரிச்சிக்கிட்டே டிக் போட்டுட்டேன்."

தலைமையாசிரியைதான் பேசினார். "வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேம்மா. நீங்க முன்னாடி நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. பெத்தவங்க சொன்னா அடங்கிடுவாங்க. இவங்க பேரு அதுலதான் இருக்கு."

"கண்டிப்பா வர்றேன் மேடம்" என்றேன். டீச்சர் கையைப் பிடித்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு கேட்கவே இல்லை என்பதை இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் நின்று, படித்த பெண், ஒரு பக்கம் திருப்பிப் பார்க்காமல் இதைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக முதல் நாள் மாலை குரூப்பில் எழுதினேன்: 'மொழிப் புரிதலில் ஏற்பட்ட தவறு. வருந்துகிறேன்.' என்னுடைய தவறு என்றுகூட அதில் இல்லை. அடியில் ஒருவர் போட்டிருந்தார்: 'யார் மிரட்டினாலும் பயப்படாதீங்க மேடம். நாங்க இருக்கோம்.'

கூட்டத்தில், "பொய்யின்னா அந்தம்மா வந்து சொல்ல வேண்டியதுதானே, எங்க அவங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் வராததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே டீச்சர் தானாக மாறுதல் கேட்டு, தேன்கனிக்கோட்டையைத் தாண்டி மலைப்பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். போகிற நாளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாற்று கொடுத்தாராம். என் மகளும் வாங்கி வந்தாள். ஊற்ற வேண்டிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் நாங்கள் இருவருமே பயந்தோம். அது வாடிப்போயிற்று.

புதிதாக வந்த டீச்சர் நல்லவர். கையெழுத்துப் பயிற்சி, பிழையில்லாத சொல்வதெழுதுதல் என்று நான் கேட்டதெல்லாம் நடந்தது. மகள் நன்றாகத்தான் படித்தாள், படிக்கிறாள். இப்போது ஆறாம் வகுப்பு. வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். "ஒண்ணும் நடக்கலம்மா" என்பாள். வளர்ந்துவிட்டாள், பெரிய வகுப்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ராயக்கோட்டை போயிருந்தோம். திரும்பும்போது ஓசூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸின் படியருகே டீச்சர் இருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. தோளில் நோட்டுகள் பிதுங்கும் ஒரு துணிப்பை. மூன்று வருடமாக அவரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தேன். சாலையைக் கடக்கும்போதே அது கலைந்துவிட்டது. மகள் எனக்கு முன்னால் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் கண்ணு! எவ்ளோ ஒசரம் ஆயிட்ட நீயி! டீச்சர மறந்துட்டியோன்னு நெனச்சேன்" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். டீச்சர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே மகளைக் கேட்டார்: "இன்னும் நியூஸ் எழுதறியா கண்ணு?"

"இல்ல டீச்சர்."

"ஏன், விட்டுட்ட?"

மகள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் குரலில் கோபமோ குறையோ எதுவும் இல்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"அம்மா படிப்பாங்க டீச்சர்."