எண்பத்தைந்துக்கு மேல் எண் இல்லாத கார்

என் கலியாண வீடியோவை யாராவது போட்டால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். வெட்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். வெட்கமாவது மண்ணாவது. அருவருப்பு. முதல் காட்சியிலேயே அந்தக் கண்டறியாத கார் வரும்.

அது பெரியப்பாவின் கார். அப்பாவின் அண்ணன், அப்பாவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், நாங்கள் இருந்த எசன் நகரில், எங்கள் சனத்துக்குக் கலியாணக் கார் விசர் பிடித்திருந்தது. நீளக் கார் வேண்டும், அதுவும் வேறு ஒருவரிடமும் இருக்கக்கூடாது. பெரியப்பா, இங்கே முகாமில் இருந்துவிட்டு நாட்டுக்குத் திரும்பவிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் போய், எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட் இருக்கைகள். அதில் இருபது வருடத்துச் சுருட்டு மணம். அதற்கு மேல் அவர் அடித்த மல்லிகை சென்ற்.

அந்தக் காரின் மீற்றரில் எண்பத்தைந்துக்கு மேல் எண்ணே கிடையாது. ஐம்பத்தைந்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டிருக்கும். பெரிய எண்களுக்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவில் இன்னொரு வரிசை. பெரியவை மைல், சின்னவை கிலோமீற்றர் என்று நடுவில் எழுதியுமிருந்தது. ஆனால் அதை வாசிக்க ஏலாது. வாங்கிய கையோடு ஊன்ட்றொப் அம்மன் கோவிலில் காருக்குப் பூசை செய்தபோது, பெரியப்பா தன் கையாலேயே சந்தனத்தை அள்ளி மீற்றர்க் கண்ணாடியின் நடுவில் அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். சாமிப் பொட்டை எவர் துடைப்பார்? அது காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் மைலைக் கிலோமீற்றர் என்று நினைத்துக் கார் ஓடினார். ஊருக்குள் ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக ஊசியைச் சரியாக ஐம்பதில் வைத்திருப்பாராம். உண்மையில் அது எண்பது. போகிற வழியெல்லாம் வீதிக் கமரா பளிச் பளிச் என்று அடித்தது.

"உவங்களுக்கு எரிச்சல்," என்று எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து கத்தினார். "கறுப்பன் நீளக் காரிலை போறான் எண்டு படம் எடுக்கிறாங்கள். ஊருக்குள்ளை ஓடத்தானே ஐம்பத்தைஞ்சுக்குக் கட்டம் போட்டிருக்கு."

"அப்ப அந்தச் சின்ன நம்பருகள் என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டா.

"அது சும்மா வடிவுக்கு."

அப்பா தலையாட்டினார். அவர் பன்னிரண்டு வருடமாகப் பேக்கரி வான் ஓடுகிறவர். யன்னலால் பார்த்தே வேகத்தைச் சொல்லுவார்.

கலியாண நாள் வந்தது. மண்டபம் ஹாம் நகரில். தலை அலங்காரத்துக்கு வந்த பெண் பிந்திவிட்டாள். அம்மா தட்டங்களோடு முதலே போய்விட்டா. நான் பின் இருக்கையில் தனியாக, நகையும் பூவும் அழுத்த, தலையைக்கூடத் திருப்ப முடியாமல் இருந்தேன். பெரியப்பா ஓட, அப்பா பக்கத்தில். ஓட்டோபான் என்கிற வேகவீதியில் ஏறியதும் ஊசி எண்பத்தைந்தில் போய் முட்டி நின்றது. அதற்கு மேல் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"எண்பத்தைஞ்சுதான். இண்டைக்கு முழு ஜெர்மன்காரனும் ஆமை மாதிரி ஓடுறான்," என்று பெரியப்பா ஒவ்வொரு காராக முந்தினார். அப்பா யன்னலுக்கு மேலிருந்த கைபிடியை இறுக்கிப் பிடித்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. இந்த மனிதருக்கு உண்மை வேகம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

வீதி திருத்துகிற இடம் வந்தது. இடப்பக்கம் கொங்கிறீற் சுவர், வலப்பக்கம் லொறிகள், நடுவில் ஒடுங்கிய ஒரு பாதை. எண்பது என்று பலகை. பெரியப்பா சட்டத்தை மதிக்கிறவராயிற்றே, ஊசியை எண்பதுக்கு இறக்கினார். லொறிகள் நிற்கிற மாதிரிப் பின்னால் போயின. நானும் கார் ஓடுகிறவள். உடம்போடு முன்னுக்குச் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தேன். ஏறக்குறைய நூற்றிமுப்பது.

"பெரியப்பா, இது மைல்! மெதுவாப் போங்கோ!"

"கலியாணப் பொம்பிளை இண்டைக்கு வாய் திறக்கிறேல்லை. குனிஞ்ச தலை நிமிராமல் இரு."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ!"

அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல். "அண்ணை, மெதுவா." அவ்வளவுதான் அவர் சொல்லியிருக்க வேண்டியது. அந்த ஒரு சொல்லைவிட, என்னைச் சாகக் கொடுப்பது அவருக்கு இலகுவாக இருந்தது.

படார் என்று ஒரு சத்தம். இடப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடி சுவரில் அடித்துப் பறந்தது. பிறகு இரும்பு உரசுகிற கிறீச்சொலி. எப்படியோ கார் நேராகி, அடுத்த தரிப்பிடத்தில் போய் நின்றது.

பெரியப்பா இறங்கி ஓடினார். என்னிடம் இல்லை, காரின் காயத்திடம். குந்தியிருந்து அதைத் தடவினார். "ஐயோ, இந்தக் கண்ணாடி இஞ்சை எடுக்கேலாதே." நான் இறங்கி முன்னுக்குப் போய், சாவி பூட்டிலேயே இருந்த காரில், ஓட்டுகிற இருக்கையில் ஏறி இருந்தேன். கைலேஞ்சியில் துப்பி அந்தச் சந்தனத்தைத் துடைத்து எறிந்தேன்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? பொம்பிளை தானே கார் ஓடிக்கொண்டு போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"செத்த வீட்டுக்கு வந்தால் மட்டும் சனம் என்ன சொல்லும், பெரியப்பா?"

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டேன். "இவ்வளவு நேரமும் என்ன வேகத்திலை வந்தனாங்கள்? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

அப்பா மரங்களைப் பார்த்தார். "முகூர்த்தம் போகப்போகுது, மோனை. பின்னாலை ஏறு."

ஏறவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளையல்கள் ஸ்டியரிங்கில் கிலுங்கக் கிலுங்க நானே ஓடினேன். லொறிக்குப் பின்னால், ஊசி ஐம்பதில். அப்பா பக்கத்தில், பெரியப்பா பின் இருக்கையில். மண்டபத்துக்குப் போனபோது முகூர்த்தத்துக்கு இன்னும் தாராளமாக நேரம் இருந்தது.

அந்த மீற்றர் ஏன் அப்படி என்று பின்னாளில் தேடி வாசித்தேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் அமெரிக்காவில் ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டார்களாம். சனம் கேட்கவில்லை. அஞ்சாறு வருடம் கழித்து, மீற்றரில் எண்பத்தைந்துக்கு மேல் எண் போடாதே, ஐம்பத்தைந்தைத் தனியாகக் காட்டு என்று கொம்பனிகளுக்குக் கட்டளை. எண் இல்லாவிட்டால் காலும் அமத்தாது என்று நினைத்த மேதாவிகள்! கொஞ்சக் காலத்தில் கட்டளையைக் கைவிட்டாலும், சில கார்களில் அந்த மீற்றர் வருடக்கணக்காக வந்துகொண்டுதான் இருந்ததாம். வாசித்ததும் தூ என்று வந்தது. எஞ்சின் அதே எஞ்சின், வேகம் அதே வேகம், பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காக்காரன் வேணுமா, எங்கள் குடும்பத்தைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்போமே.

மண்டப வாசலில் நான் காரை நிறுத்தி இறங்கியதும் பெரியப்பா வீடியோக்காரத் தம்பியிடம் ஓடினார். "தம்பி, அதை அழியுங்கோ. திரும்ப எடுப்பம்." எங்கள் கலியாணங்களில் அது வழக்கம்தானே, தாலி கட்டுவதைக்கூட முகம் மறைத்தால் திரும்பக் கட்டச் சொல்லுவார்கள். பொம்பிளை பின்னால் இருந்து வருகிற மாதிரி ஒருக்கால் என்றார்கள். அந்தக் காருக்குள் இனிமேல் ஏறமாட்டேன் என்றேன். அம்மா கெஞ்சினா. நான் அசையவில்லை.

என்னை விட்டுவிட்டே எடுத்தார்கள். வீடியோவில் அந்தக் கார் நல்ல பக்கத்தைக் காட்டிக்கொண்டு, நாதஸ்வர இசையோடு மெல்ல வந்து நிற்கும். பெரியப்பா இறங்கிப் பின் கதவைத் திறப்பார். அடுத்த காட்சியில் எனக்கு ஆராத்தி எடுப்பார்கள். காரிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை என்பதை இத்தனை வருடத்தில் ஒருவரும் கவனித்ததில்லை.

முன் இருக்கையில் அப்பா இருக்கிறார். நான் இல்லாத காருக்குள், தன் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு கையும் மடியில். கைபிடியை அவர் பிடித்திருக்கவில்லை.