கிக்கரைத் தேடிய கால்

மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் அவளுக்கு ‘இன்னும் பத்து மேடம்’ என்று பெயர். முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பத்து எண்ணுவாள். எண்ணி முடித்து நோயாளி ‘அப்பாடா’ என்று மூச்சு விடுவதற்குள் “இன்னும் பத்து” என்பாள். கெஞ்சினாலும் இரங்கமாட்டாள், திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வயது ஐம்பத்தொன்று, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அவளிடம் கணுக்கால் உடைந்து வந்து சேர்ந்தார் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர். முதல் நாளே கேட்டார்.

“எப்ப மேடம் பைக் ஓட்டலாம்?”

“முதல்ல நடங்க சார். பைக்ல போய்த்தானே காலை உடைச்சுக்கிட்டீங்க?”

“பைக்லயா? நாப்பது வருஷம் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. குளிக்கப் போனேன், உடைஞ்சுடுச்சு.”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, சிகிச்சை முடிகிற நாளில், அவர் மருமகனைக் கொண்டு தன் பைக்கை மருத்துவமனை வாசலுக்கே வரவழைத்துவிட்டார். தாழ்ந்த ஹேண்டில்பாரும் உயர்ந்த சீட்டும் உள்ள ஸ்போர்ட்ஸ் பைக். கால் ஊன்ற முடிகிறதா என்று பார்க்க அவளும் கீழே இறங்கி வந்தாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் கூனிக்கொண்டார்.

“முதுகை வளைக்காதீங்க, இடுப்பிலேருந்து குனியணும். இறங்குங்க, காட்டறேன்” என்று அவளே ஏறி உட்கார்ந்தாள்.

குனிந்தாள். முழங்கால்கள் தாமாகவே டேங்கை அணைத்துக்கொண்டன. இடதுகை விரல்கள் கிளட்ச்சை ஒருமுறை அழுத்தி மெல்ல விட்டன. காட்டி முடித்த பிறகும் அவளுக்கு இறங்க மனம் வரவில்லை.

சர்வேயர் பார்த்துக்கொண்டே நின்றார். “முன்னாடி ஓட்டியிருக்கீங்க.”

“அது ஒரு காலம் சார்.”

“கை மறக்கலையே.”

அது இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலையில் ஒரு கிளினிக், மாலையில் இன்னொன்று என்று பைக்கில்தான் பறந்துகொண்டிருந்தாள். மகள் வயிற்றில் வந்ததும் விற்றாள். அப்புறம் குழந்தை, வீடு, கார் என்று ஆகிவிட்டது. யாரும் ஓட்டாதே என்று தடுக்கவில்லை. அவள்தான் மறந்துபோனாள்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கணவர் பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஒரு பைக் வாங்கலாம்னு பாக்கறேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். ஸ்போர்ட்ஸ் பைக்.”

அவர் ஒரு சரியான விடைக்குத் தவறு போட்டுவிட்டு, அதை அடித்துத் திருத்தினார். “சரி. நல்லா யோசிச்சு வாங்கு” என்றார்.

மகள் அப்படி விடவில்லை. கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மடிக்கணினியை மூடி வைத்தாள்.

“எனக்குப் பதினெட்டு வயசுல பைக் கேட்டப்ப நீ என்னம்மா செஞ்ச?”

“வேண்டாம்னு சொன்னேன்.”

“சொல்லல. உங்க வார்டுக்குக் கூட்டிட்டுப் போய், கால்ல கம்பி மாட்டிப் படுத்திருந்த ஆளைக் காட்டின. ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கல. இப்ப நீ வாங்குவியா? மருமக உடைச்சா பொன்குடம், மாமியா உடைச்சா மண்குடமா?”

கணவர் பேனாவை மூடிவிட்டு, “அவ சொல்றது நியாயம்” என்று சொல்லி நெருப்பில் நெய்யை ஊற்றினார். மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. “அப்பா, அந்த உப்பை இங்க தள்ளச் சொல்லுங்க” என்கிற அளவில்தான் போக்குவரத்து. மூன்றாம் நாள் அவளே மகளின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குப் பயந்தது நான்தான். அந்தப் பயத்தைத் தூக்கி உன் தலையில வெச்சுட்டேன். தப்புதான்.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டக் கத்துக் கொடுக்கறாங்களாம். ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்திருக்கேன். உனக்கு வேண்டாம்னா சொல்லு, ஒரு பேரை எடுத்துடச் சொல்றேன்.”

“எந்தப் பேரை?”

“உன் பேரைத்தான். நான் எப்படியும் போவேன்.”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகள் தோற்றுப்போனாள்.

பயிற்சி நடந்தது ஒரு கிடங்கின் காலி முற்றத்தில். சொல்லிக் கொடுத்தவள் அளந்து பேசுகிற பெண். அவள் கொடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்த அம்மாவின் வலது கால், எஞ்சினுக்குப் பக்கத்தில் காற்றைத் துழாவியது.

“என்ன தேடறீங்க?”

“கிக்கர்.”

“அதெல்லாம் இதுல இல்ல மேடம். ஸ்டார்ட் பண்ணக் கட்டைவிரல்கிட்ட பட்டன் இருக்கு, பாருங்க.”

மகள் ஹெல்மெட்டுக்குள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மங்கிவிட்டது.

அன்றைக்குச் சிரிப்பு மகள் பக்கம்தான். ஒன்றும் தெரியாமல் வந்தவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். எல்லாம் தெரியும் என்று வந்தவள் நான்கு முறை எஞ்சினை அணையவிட்டாள், ஐந்தாம் முறை அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கோனைச் சுற்றித் திரும்பும்போது மெல்லச் சாய்த்துக் கீழே போட்டாள். அடி ஒன்றும் இல்லை, மானம் மட்டும் கொஞ்சம் சிராய்த்தது. “கோனைப் பாத்தா கோன் மேலதான் போவீங்க. போற இடத்தைப் பாருங்க” என்றாள் பயிற்சிக்காரி. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, எட்டுப் போட்டு முடித்து நிறுத்தியபோது, தரையைப் பார்க்காமலே முழு வட்டமும் வந்திருப்பது அம்மாவுக்கே அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகே ஷோரூம் வாசலை மிதித்தார்கள். விற்பனையாளர் நேராக மகளிடம் போய், “எந்த மாடல் பாக்கறீங்க?” என்றார். மகள் அம்மாவைக் கை காட்டினாள். பாவம், அவருக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடவில்லை.

நடுவில் நின்றது ஒரு சிவப்பு வண்டி. அறுநூறு சிசி, நாலு சிலிண்டர். பார்த்த கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது.

“மேடம், இதுக்கு உங்க உயரம் கரெக்டா இருக்கு” என்றார் விற்பனையாளர்.

“எனக்குப் பொய் சொல்லலாம், என் குதிகாலுக்குச் சொல்ல முடியாது. இதைக் கொஞ்சம் அந்தச் சரிவுல, மூஞ்சி சுவரைப் பாத்த மாதிரி நிறுத்துங்க.”

அவர் புரியாமல் நிறுத்தினார். அவள் ஏறி, காலால் உந்தி மேட்டை நோக்கிப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். வண்டி அசையவில்லை. தினமும் மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் அவளுக்கு வாய்ப்பது அப்படிப்பட்ட சரிவுதான். அங்கே யாரைக் கூப்பிடுவது?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை, ஓட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம். முதல் கியரிலேயே ஊர் எல்லை வந்துவிடும் போலிருந்தது. திரும்பி வரும்போது கட்டைவிரல் மரத்திருந்தது. இதே புகாரோடு வருகிறவர்களுக்கு மணிக்கட்டைப் பிடித்துவிட்டுப் புத்தி சொல்கிறவள் அவள்.

மூலையில் நின்ற நீல நிற முந்நூறு சிசி வண்டியில் பாதங்கள் முக்கால்வாசி பதிந்தன. ஹேண்டில்பாரும் சிவப்பு வண்டியைவிட ஒரு விரற்கடை உயரம். சரிவில் முனகாமல் பின்னால் வந்தது. ஓட்டிப் போனவள் கால் மணி நேரத்தில் வரவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தாள்.

“எங்கம்மா போன?”

“வழி தெரியாம சுத்திட்டேன்.”

“இந்த ஊர்லயா?”

“இதையே எடுத்துக்கறோம்” என்றாள் அவள், விற்பனையாளரைப் பார்த்து.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பின்சீட்டில் முதலில் உட்கார்ந்தவர் கணவர்தான். தந்திக்கம்பிக் குருவி மாதிரி உச்சியில் தொற்றிக்கொண்டு தெருமுனை வரை போனார். அங்கே இறங்கி, “நல்லா ஓட்டற. நான் நடந்தே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இரண்டு மாதத்தில் மகளுக்கும் உரிமம் கைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, சாவியைக் கேட்டாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள். கையுறையின் பட்டையை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். வண்டி தெரு திரும்பியதும் குவளையை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். உள்ளே போய்க் குவளையை நிரப்பிக்கொண்டு வந்து அதே செடிக்கே ஊற்றினாள்.

இருபத்தைந்து நிமிஷத்தில் நீல வண்டி திரும்பி வந்து நின்றது. மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“அம்மா, தொட்டியில தண்ணி வழியுது.”

“தெரியும்” என்றாள் அவள். குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டாவது கியர்ல கொஞ்சம் இழுக்கற. சத்தம் தெருமுனையிலயே கேட்டுச்சு. ஏறு பின்னாடி, காட்டறேன்” என்று ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

“உன் ஹெல்மெட் உள்ள இருக்கும்மா. இது என்னோடது” என்றாள் மகள்.